பெட்டியிலிருந்து நான் எடுத்த பழம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் பாஞ்சாலி அம்மா அவர்களே, இண்டூர்ப் பெரியோர்களே, பெற்றோர்களே, கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே! பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மாதேஸ்வரனாகிய நான் நூறு மேடை ஏறியவன். என் குரலுக்கு மைக்கே வேண்டாம், ஓசூர் வரை கேட்கும் என்பார்கள். இன்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உயிரியல் ஆசிரியர் கோகிலவாணி அவர்கள்... மேடை மரியாதைக்கு அவர் என்றுதான் சொல்ல வேண்டும். என் அக்கா மகள் ஐயா, அவள் என்றே வாயில் வருகிறது. வியாழக்கிழமை காலை தொப்பூர் இறக்கத்தில் விபத்து, போய்விட்டாள் என்கிறார்கள். போய்விட்டாளா? புதன்கிழமை மதியம் என்னைக் கேலி செய்து சிரித்தவளா? படத்துக்கு மாலை போட்டது இந்தக் கைதான். அந்தக் கையே நம்ப மாட்டேன் என்கிறதே!

அவளுக்கு அறிவியல் ஆசையை ஊட்டியவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பாலக்கோடு மண்டியில் தக்காளியைத் தொடாமலே வயது சொல்வேன். பெங்களூரிலிருந்து விஞ்ஞானிகள் ஏழு பேர் வந்து என்னிடம் குறிப்பெடுத்துப் போனார்கள். எட்டுப் பேர்கூட இருக்கலாம்.

போன திங்கட்கிழமை அவள் வகுப்பில் இரண்டு அட்டைப்பெட்டி வைத்தாள். இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைத் தக்காளிக் காய். ஒன்றில் மட்டும் நடுவே ஒரு பழம். செல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதற்கான பாடம் அது. எனக்கென்ன தெரியும்? புதன்கிழமை போனேன், பெட்டியைத் திறந்தேன், காய்க்கு நடுவே பழம்! மண்டியில் அப்படி விடுவோமா? ஒரு பழம் கிடந்தால் மொத்தப் பெட்டியும் வழியிலேயே குழைந்துவிடாதா? எடுத்தேன், அங்கேயே தின்றேன்.

"கண்ணு, உன் பெட்டியக் காப்பாத்திட்டேன்!"

"ஐயோ மாமா, பாடத்தையே தின்னுட்டீங்களே!"

"என்ன பெரிய பாடம்? பழத்துப் பக்கத்துல காய் இருந்தா பழுக்கும். மண்டி எருமைக்குக்கூடத் தெரியும்."

"எப்படிப் பழுக்குதுன்னு எருமை சொல்லுச்சுங்களா மாமா?"

வகுப்பே சிரித்தது. பிறகு எனக்கும் சேர்த்தே பாடம் நடத்தினாள். பழத்தின் செல்கள் எத்திலீன் என்றொரு வாயுவை விடுகின்றனவாம். காயின் செல்களில் அதைப் பிடிக்க ஏற்பி இருக்கிறதாம். பிடித்ததும் சேதி உள்ளே போய், செல் தன் வேலையையே மாற்றிக்கொள்கிறதாம். வாயில்லாத பேச்சு! காதில்லாத கேள்வி!

"ஏற்பி இல்லாத செல்லுக்கு எவ்வளவு கத்துனாலும் கேக்காதுங்க, எங்க மாமா மாதிரி" என்றாள்.

மாணவி ஜாஸ்மின் எழுந்தாள். "டீச்சர், பழந்தான் போயிடுச்சே. இனி பழுக்காதுங்களா?"

"ரெண்டு நாளு பக்கத்துலயே இருந்துச்சில்ல? காய் அதைக் கேட்டிருந்தா, இனி அதுவே எத்திலீன் விட ஆரம்பிச்சிரும். பழத்தை எடுத்தாலும் நிக்காது. திங்கக்கிழமை தொறந்து பாப்போம்."

இன்று திங்கட்கிழமை. அவள் எங்கே?

உயிரியல் பிரிவில் இருப்பது ஒன்பதே பெண்கள். டீச்சரே இல்லாத பிரிவு எதற்கு என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி சின்னராஜ் உட்பட மூன்று பெற்றோர் தங்கள் பெண்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். மூவர் போனால் பிரிவே கலைந்துவிடும் என்கிறார் தலைமையாசிரியர். தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டிலிருந்து நான் எழுதிக்கொண்டு வந்ததும் வெறும் இரங்கல்தான்.

ஆனால் காலையில் ஜாஸ்மினோடு போய் அந்தப் பெட்டிகளைத் திறந்தேன். பழம் வைக்காத பெட்டியில் காய் காயாகவே கிடக்கிறது. நான் பழத்தை எடுத்த பெட்டி இதோ, மேசைமேல் இருக்கிறது. எழுந்து வந்து பாருங்கள் தம்பி. பத்தும் சிவப்பு! இதில் மட்டும் நான் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

புது ஆசிரியர் வரும்வரை பாஞ்சாலி அம்மாவே பாடம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் பங்குக்கு இந்தச் சபையில் ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடம் நடக்கும் திங்கட்கிழமை, பாலக்கோட்டிலிருந்து பச்சைக் காய்ப் பெட்டி இரண்டு என் தோளில் வரும். ஒன்றின் நடுவே ஒரு பழம் இருக்கும்.

கோகிலா, அதை மாமா தொட மாட்டேன்.