சாலமோனின் வலது முழங்கால்

— இன்னும் மடக்குங்க சாலமோன். குதிகால் தொடைகிட்ட வரணும்.

— மடக்கிட்டேன் டாக்டரம்மா. ஜெல்லுதான் ஜில்லுனு கீது.

— வலிக்கலையா?

— இல்ல... கொஞ்சூண்டு.

— ஸ்கேன் ஸ்கிரீனைப் பாருங்க. எலும்பு மேல கறுப்பா, வழவழன்னு ஒரு பட்டை போகுதில்ல? அதான் குருத்தெலும்பு. எலும்பும் எலும்பும் உரசாம காக்குற மெத்தை.

— நல்லா கீதா?

— ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் புரியல.

— அப்போ நார்மல்னு எழுதிக் குட்த்துடுங்க. தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்குப் போவணும். சாயங்காலத்துக்குள்ள கம்பெனில ரிப்போர்ட்டக் காட்டணும்.

— கம்பெனி லெட்டர்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? மூணு வாரம் முன்னாடி பத்தடி உயரத்துல ஏணிலேர்ந்து விழுந்தாரு, முழங்கால் வீங்கி நடக்க முடியல. இங்க ஒரு சொட்டு நீர்கூட சேரல. வயசு வேற நாப்பத்தாறாம், உங்களைப் பார்த்தா அப்படித் தெரியல. உங்க பேர் என்ன, சொல்லுங்க.

— ...ரகு. சாலமோன் எங்க அண்ணன். பேஜாரு பண்ணிடாதீங்க டாக்டரம்மா. அவன் கான்ட்ராக்ட் ஆளு. கால் இன்னும் சரியாவலன்னு தெரிஞ்சா கம்பெனி கேட்டுக்குள்ளயே உடமாட்டானுங்க. பதினோரு வருசமா அங்கதான் கீறான்.

— அவர் எங்க இப்போ?

— ஊட்ல. செவுத்தப் புடிச்சிக்கினுதான் நடக்குறான். மடக்குனா அப்படியே பூட்டிக்குது. நீட்ட முடியாம கத்துறான்.

— பூட்டிக்குதுன்னா உள்ள ஒரு துண்டு பிஞ்சு கிடக்கலாம். ரகு, அந்தக் காலோட மறுபடி மேல ஏறினா பாதியிலயே மாட்டிக்கும். இந்தத் தடவை முழங்காலோட போகாது.

— அவன ஏற உடமாட்டேன். அவனுக்கும் சேத்து நானே ஏறிக்கிறேன்.

— நீங்களும் அங்கதான் வேலையா?

— ஒரே ஷிப்ட்டு.

— அவரை ஆட்டோல கூட்டிட்டு வாங்க. இருக்கிறதை இருக்கிறபடி எழுதறேன். வேலையில பட்ட காயம், வைத்தியம் பார்க்கிறது அவங்க பொறுப்பு. எப்படி விழுந்தாருன்னு மட்டும் பக்கத்துல இருந்த யாராவது சொல்லணும்.

— அதான் வேணாங்கறேன்.

— ஏன்?

— காலு வழுக்கிடுச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறான். எங்க அண்ணிகிட்டகூட. இன்னிவரைக்கும் என்னிய ஒரு வார்த்த கேக்கல. ஏணியப் புடிச்சிக்கினு நின்னது நான்தான் டாக்டரம்மா. போன் அடிச்சுது... கைய உட்டுட்டேன்.