நாற்பது வாளிகள் மடங்கிய கதை

தலைமை நாற்காலியைத் தம் உருவத்தாலும் உறுமலாலும் நிறைத்திருக்கும் வாளி ஆலை முதலாளி அவர்களே! அச்சு இயந்திரத்தை அதட்டியே வேலை வாங்கும் அண்ணன்மார்களே! வாளியின் வலிமையை இடுப்பிலேயே எடைபோடும் தாய்மார்களே! மைக்கை எப்போது பிடுங்கலாம் என்று காத்திருக்கும் என் அப்பா அவர்களே! ஆலை விழாவுக்கு வந்த அனைவருக்கும் வாளி நிறைய வணக்கம்!

பிளாஸ்டிக் என்பது என்ன? சங்கிலி! நீண்ட, நெடிய, நூலினும் நுண்ணிய மூலக்கூறுச் சங்கிலி! நம்பவில்லையா? முன்வரிசை அண்ணன்மார்களே, எழுந்திருங்கள். கைகளை உடம்போடு ஒட்டி நெருங்கி நில்லுங்கள். இடையில் எறும்பு நுழையுமா? நுழையாது! கிளையில்லாச் சங்கிலிகள் இப்படித்தான் நெருங்கி அடங்கும், அதனால் விறைப்பு, அதனால் வாளி! இப்போது முழங்கைகளை விரியுங்கள்.

“ஏய் வாலு, விலாவுல குத்துது!”

குத்தட்டும் அண்ணே, அதுதான் அறிவியல்! முழங்கைதான் கிளை. கிளை விரிந்தால் நெருக்கம் ஏது? நெருக்கம் இல்லையேல் விறைப்பு ஏது? அது குழைவான பை! பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை மணிகள். சரக்கு ஒன்றே, சங்கிலி வேறு!

சென்ற வாரம் நாற்பது வாளிகள், தண்ணீரோடு தூக்கியதும் வாய்கோணி மடங்கினவே, ஏன்? வாளிக்கான மணி மூட்டைக்குப் பதிலாகப் பைக்கான மணி மூட்டை இயந்திரத்தில் விழுந்தது. “கண்ண எங்க வெச்சுட்டு வேலை பாக்குற? நாளைலேருந்து வராத!” என்று என் சித்தியை அனுப்பிவிட்டார் முதலாளி. பத்தாண்டு இயந்திரம் ஓட்டிய சித்தி! மேலே ஒட்டிய சீட்டைப் படித்த பிறகே மூட்டையைப் பிரிக்கும் சித்தி! சீட்டே பொய் சொன்னால் சித்தி என்ன செய்வார்?

சாப்பாடு கொண்டுவந்த சாக்கில் அந்தச் சீட்டுகளை மாற்றி ஒட்டியது யார்?

நான்! நானேதான்!

அப்பா, செருப்பைக் கீழே போடுங்கள், அதுவும் சங்கிலிதான்! இங்கே இல்லாத என் சித்தியே, மன்னித்துவிடு. நீ கண்டுபிடிப்பாய், சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன். நீ அழுதாய். அன்று முதல் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

ஆனால் முதலாளி அவர்களே, கழித்துப்போட்ட வாளி ஒன்றை எங்கள் தெருக் கொத்தனார் மாமாவிடம் கொடுத்தேன். கலவை காய்ந்து ஒட்டினாலும், ஒரு மடக்கு மடக்கினால் உதிர்ந்துவிடுகிறதாம்! அதோ, வாசலோரம் நிற்கிறார். சொல்லுங்க மாமா!

“நாப்பது பத்தாதும்மா, இன்னும் நூறு வேணும்!”

கேட்டீர்களா? விறைத்து நிற்பதும் வலிமை; வளைந்து கொடுப்பதும் வலிமை! தலைவர் அவர்களே, கொஞ்சம் வளைவீர்களா?

“சரி, சரி. நாளைக்கு உங்க சித்திய வரச்சொல்லு. அந்த நூறும் அவங்க கையாலதான். ஆனா நீ மூட்டைப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது!”

படுக்க மாட்டேன், நின்றபடியே நன்றி சொல்கிறேன்! இன்னும் முழங்கையை மடக்காமல் நிற்கும் அண்ணன்மார்களே, போதும். அந்தக் கைகளைத் தட்டுங்கள். எனக்கல்ல, என் சித்திக்கு! வணக்கம்!