இதை யார் பொறுக்கியது?

கூட்டத்திற்குத் தலைமை தாங்கி, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட வர்த்தகர் சங்கத் தலைவர் சோலைமலை ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! காலையெல்லாம் ஏலக்காய் பொறுக்கிவிட்டு, கைமணம் மாறாமலே வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! போடிமெட்டு வளைவுகளில் வண்டி ஒடித்து ஒடித்துத் தோள் உரமேறிய ஜீப் ஓட்டுநர் தோழர்களே! தேவாரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! முன்வரிசையில், தாய் மடியில் அமர்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் என் அன்பு முத்துக்கண்ணனே! அனைவருக்கும் வணக்கம்.

இரண்டரை வயதுப் பிள்ளைக்கு மேடையில் வணக்கமா என்று தலைவர் பார்க்கிறார். ஐயா, அவன் பிஸ்கட்டை விழுங்குகிறான் பாருங்கள். அந்த விழுங்கலுக்குத்தான் இந்தப் பந்தல், இந்த ஒலிபெருக்கி, இந்தக் கூட்டம் எல்லாமே.

ஆறு மாதத்திற்கு முன் ஒரு காலை. ஏலக்காய் பொறுக்கும் கூடத்தில் அவன் தாய் அன்னக்கொடி, தட்டு நிறையக் காயை வைத்து, சொத்தையும் கல்லும் நீக்கிப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பிள்ளை, திருவிழாவில் வாங்கிய விளக்கு மின்னும் கார் பொம்மையை உருட்டுகிறான். திடீரென்று இருமல், எச்சில், அழுகை. என்னத்தையோ விழுங்கிவிட்டான்!

மற்ற ஊராக இருந்தால் பதறியிருப்பார்கள். நம் ஊர் பதறவில்லை. ஏன்? காய் பொறுக்கும் வீட்டுப் பிள்ளை காயை விழுங்குவது நமக்குப் புதிதா? நான் விழுங்கியிருக்கிறேன், தலைவரும் விழுங்கியிருப்பார். என்ன செய்வோம்? ஒரு வாழைப்பழத்தை ஊட்டுவோம், நாளைக்குத் தானாக வந்துவிடும் என்போம், தட்டைப் பார்க்கத் திரும்புவோம். அன்னக்கொடியும் அதையே செய்தாள். அவளைக் குறை சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் கிடையாது.

ஆனால் பக்கத்துத் தட்டில் சூர்யகலா இருந்தாள். எங்கே அம்மா, எழுந்து நில்லுங்கள்! வெட்கப்படுகிறார்கள், விடுங்கள். ஆயிரம் காய்க்குள் ஒரு சொத்தைக் காயைக் கண்டுபிடிக்கும் கண் அது. தரையில் கிடந்த பொம்மையை அந்தக் கண் புரட்டிப் பார்த்தது. மூடி கழன்று கிடந்தது.

“ஏத்தா அன்னக்கொடி, இது காயி இல்லத்தா. பொம்மையில மூணு குழி இருக்கு, ரெண்டுலதான் பேட்டரி கெடக்கு. வெரசா கெளம்பு.”

பொத்தான் போன்ற சின்னஞ்சிறு பேட்டரி! தந்தை மனோஜ், மலைத் தோட்டத்திற்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பைக் கிளப்பிய நேரம். செய்தி கேட்டதும் வண்டியில் இருந்த பெண்கள் அவர் சொல்லாமலே இறங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று இறங்கினார்கள். வண்டி மலைக்கு ஏறவில்லை, தேனிக்குப் பறந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், குழாய் விட்டார்கள், பேட்டரியை வெளியே எடுத்தார்கள். நாளை வரை காத்திருந்தால் உணவுக்குழாய் வெந்து ஓட்டை விழுந்திருக்கும் என்றார் மருத்துவர். நாளை வரை! நாம் எல்லோரும் சொல்லும் அதே நாளை வரை!

பிள்ளை பிழைத்தான். கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். தட்டி முடித்ததும் ஒன்று கேளுங்கள். அந்தப் பொம்மையை விற்றவன் யார்?

நான்தான். கடைவீதியில் பொம்மைக் கடை வைத்து, திருவிழாவிலும் கடை போடும் இந்த விஜயபாண்டிதான்.

பிள்ளை வீடு திரும்பிய மறுநாள் அன்னக்கொடி என் கடைக்கு வந்தாள். திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றேன். அவள் திட்டவில்லை. பொம்மையை மேசைமேல் வைத்தாள்.

“அண்ணே, நாங்க பொறுக்குற காயில ஒரு கல்லு கெடந்தா மூட்டையவே திருப்பி அனுப்பிடுறாக. இத யாருண்ணே பொறுக்குனது?”

அது வந்த பெட்டியை எடுத்துப் புரட்டினேன். கடல் கடந்து வந்த பெட்டியில் செய்தவன் பெயர் இல்லை, கொண்டுவந்தவன் முகவரி இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. துறைமுகத்தில் பொறுக்கினார்களா? மொத்த வியாபாரி பொறுக்கினாரா? நான் பொறுக்கினேனா? எங்கோ ஒருவர் குடிக்கும் தேநீருக்குப் போகும் காயைச் சல்லடையில் சலிக்கிறோம், கண்ணால் சலிக்கிறோம், கையால் சலிக்கிறோம்! நம் பிள்ளை வாயில் வைக்கும் பொம்மையைச் சலிக்க ஒருவர்கூட இல்லையா?

சட்டம் இருக்கிறது, அன்பர்களே. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. தெரிந்தும், மலிவாகக் கிடைக்கிறதே என்று சரக்கை இறக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

அந்த ஒரு கேள்வியைக் கலெக்டருக்கு மனுவாக எழுதினோம். முதல் கையெழுத்து அன்னக்கொடி, அடுத்தது நான். காய் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் போட்டார்கள். ஆறு மாதம் அலைந்தோம். நேற்று உத்தரவு வந்துவிட்டது! நம் வட்டத்தில் ஒவ்வொரு பொம்மைக் கடையும், ஒவ்வொரு திருவிழாக் கடையும் ஆய்வுக்கு உட்படும். புகார் சொல்ல ஓர் அலுவலர் நம் ஊரிலேயே இருப்பார். நேற்றிரவு நான் நிம்மதியாக உறங்கினேன் ஐயா, ஆறு மாதத்தில் முதல் முறையாக.

பின்னாலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், இனிமேல் பொம்மையே வாங்கக் கூடாதா என்று. வாங்குங்கள் அண்ணே, என் கடையிலேயே வாங்குங்கள்! முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இதோடு முடியவில்லை. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அடுத்த மனுவும் தயார். வெளியே போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்று சொல்லி அமர்கிறேன். இன்று காலை அன்னக்கொடி மறுபடி என் கடைக்கு வந்தாள், பிள்ளைக்குப் பொம்மை வாங்க. பத்துப் பொம்மைகளை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் புரட்டினாள், முத்திரையைத் தேடினாள், மூடியை நகத்தால் நெம்பினாள். திருகாணி லூசாக இருந்த ஒன்றைச் சொத்தைக் காய் போலத் தனியே தள்ளி வைத்தாள். நான் பார்த்து அடுக்கிய பொம்மை அது! என் கண்ணுக்குத் தப்பியது அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. யார் பொறுக்கியது என்று இனி என்னை ஒருவர் கேட்டால், அன்னக்கொடி பொறுக்கியது என்று தைரியமாகச் சொல்வேன்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், அன்று ஜீப்பிலிருந்து இறங்கி நின்ற பெண்களுக்கும், மூன்று குழியை எண்ணிய சூர்யகலாவுக்கும் என் நன்றி. கண்ணா, அவசரம் இல்லையடா. மெதுவாக மென்று விழுங்கு. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வணக்கம்.