எந்த ஊர் ராகு காலம்?

விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்தவர் கையில் பேப்பர். முதல் பக்கத்தில் விழுந்து நொறுங்கிய விமானத்தின் படம்.

"ராகு காலத்துல கிளப்பியிருக்கான் வே. பின்ன விழாம என்ன செய்யும்?" என்றார் அவர்.

பக்கத்திலிருந்த வழுக்கைத்தலைக்காரர் சிரித்தார். "எந்த ஊர் ராகு காலம் அண்ணாச்சி?"

"அதுல எந்த ஊர் என்ன வே?"

"துபாயையே எடுத்துக்கிடுங்க. நமக்கும் அவனுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். இங்கன ராகு காலம் முடியும்போது அங்கன தொடங்குது. விமானம் எதுக்குப் பயப்படணும்?"

"அப்போ நடு ஆகாசத்துல?"

"அங்கன ராகுவே இருக்காரு. நேர்லயே கேட்டுக்கிட வேண்டியதுதான்."

நின்றுகொண்டு வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பேப்பர்க்காரருக்கு ரோஷம் வந்தது. "துபாய் நேரமெல்லாம் உமக்கு எப்படி வே தெரியும்?"

"எம்மவன் அங்கனதான இருக்கான். வெள்ளிக்கிழமை வாரான்."

"விமானத்துலயா?"

"பின்ன, இந்த பஸ்லயா?"

சொல்லிவிட்டு, அந்தப் பேப்பரை வாங்கிப் படம் உள்ளே போகும்படி மடித்தார்.

"ரெண்டு ஊர் ராகு காலத்தையும் தள்ளித்தான் டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன் அண்ணாச்சி."