அமரர் ராஜப்பன் நினைவாக

– அந்த பிளேட கீழ வை, அமுதவல்லி. நீ சுரண்டறது எங்கப்பா மூஞ்சி.

– தெரியுங்கண்ணா. அதனாலதான் காதுல இருந்து ஆரம்பிச்சிருக்கறேன்.

– இந்த ஆம்புலன்ஸ வாங்கிக் குடுத்தவன் நானு. அதுல என்ன ஒட்டணும்னு நாந்தான் சொல்லணும்.

– குடுத்தது நீங்கதான், இல்லைங்கல. ஆறு மாசமா எந்த ஊர்ல கூப்புட்டாலும் ஓட்டிகிட்டு ஓடறது நானு. அது கெடக்கட்டும் சந்திரமோகண்ணா, இப்ப மணி ஒம்போது. வத்தல்மலைச் சரிவுல இருந்து வீரன் பொண்டாட்டி ஜெயபிரியாவத் தூளி கட்டித் தூக்கிகிட்டு எறங்கறாங்க. தலைப்பிரசவம். விடியக்காலமே பனிக்குடம் ஒடஞ்சிருச்சாம். பத்து மணிக்கு உங்க சோளக்காட்டுப் புளியமரத்துக்கிட்ட நான் நிக்கணும்.

– போ. யாரு வேணாங்கறது?

– வண்டி வரட்டும், பெரியவரு வர வேணாம்னு வீரன் போன்ல சொல்லிட்டான்.

– எந்தப் பெரியவரு?

– பின்கதவுல மாலையும் வெளக்குமா சிரிச்சுகிட்டு இருக்கறாரே, இவருதான்.

– பாரும்மா, செத்தவங்க படத்துக்கு மாலை போடாம வேற என்னத்த போடறது? எல்லாரு வூட்லயும்தான் மாட்டி வெச்சிருக்கறாங்க. அதுக்குக் கீழ ஒக்காந்து சோறு திங்கலயா?

– வூட்டு செவுத்துல இருந்தா சாமிங்கண்ணா. அதே ஆளு சைரன் போட்டுகிட்டு வாசலுக்கு வந்தா? போன வாரம் மாரியப்பனுக்குப் பாம்பு கடிச்சுது. வண்டிய கொண்டுபோயி நிறுத்தினேன். கதவ ஒரு பார்வ பாத்தான். கட்டுப்போட்ட காலோட யாரோட மொபட்லயோ தொத்திகிட்டுப் போயிட்டான்.

– பொழச்சானா?

– பொழச்சான். எல்லாரும் பொழைக்க மாட்டாங்க.

– ஒரு துணியப் போட்டு மூடிக்கிட்டுப் போயேன்.

– பெட்ஷீட்டு கட்டிப் பாத்தாச்சு. மொரப்பூர் ரோட்ல காத்து தூக்குன தூக்குல, உங்கப்பா முக்காட வெலக்கி எட்டிப் பாக்கறாப்ல ஆயிருச்சு. பின்னாடி பஸ்ல வந்தவங்கல்லாம் கும்புட்டாங்க.

– சிரிக்காத.

– நான் சிரிக்கலங்க. உள்ள நம்ம நர்சு லூர்துமேரிதான் சிரிக்கறாங்க. சிஸ்டர், கையுறை, கத்திரி எல்லாம் ஒருக்கா சரி பாத்துக்கங்க, இதோ கெளம்பிர்றோம்.

– பாரும்மா, நான் எறங்கி வர்றேன். மாலைய எடுத்துர்றேன், வெளக்க எடுத்துர்றேன். நாற்காலில ஒக்காந்திருக்கற நல்ல படமா ஒண்ணு ஒட்டறேன்.

– வேணாங்கண்ணா.

– சரி, படமே வேணாம். ராஜப்பன்னு பேரு மட்டும்.

– அதுவும் வேணாம்.

– மாலை இல்லாட்டியும் வேணாம், பேரு மட்டும்னாலும் வேணாம். அப்ப வெவகாரம் மாலை இல்ல. மென்னு முழுங்காம சொல்லு.

– சொன்னா வண்டி சாவியப் புடுங்கிக்குவீங்க.

– சொல்லும்மா.

– வீரனோட அம்மா சின்னக்கா. பதினோரு வருசம் ஆச்சு. நெஞ்சு வலின்னு இதே மாதிரி தூளியில தூக்கிகிட்டு ஓடி வந்தாங்க. உங்க காட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்ல ஆம்புலன்ஸ் நிக்குது. நடுவுல உங்க இரும்பு கேட்டு, பூட்டிக் கெடக்குது. ரெண்டு பக்கமும் முள்கம்பி. அந்தம்மாவத் தூக்கிகிட்டு ஏரிக்கரைய சுத்திப் போனாங்க. பாதிக் கரையிலயே உசுரு போயிருச்சு.

– தெரியும்.

– அப்ப இதையும் தெரிஞ்சுக்கங்க. பூட்டு போட்டது இந்த மூஞ்சிதான்னு மலையில கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கம்மாவக் கொன்னவன் வண்டியில எம்பொண்டாட்டிய ஏத்த மாட்டேங்கறான் வீரன். உங்க மனசு நோகுமேன்னு ஆறு மாசமா மாலை, வெளக்குன்னு பேசிகிட்டுத் திரிஞ்சேன்.

– அவருக்கு நல்ல பேரு கெடைக்கட்டும்னுதாம்மா ஒட்டினேன். மலைக்காரங்க வாயால ஒரே ஒரு தரம் அவர நல்லவர்னு சொல்லிட்டா போதும்னு.

– பேரு எப்ப வேணா கெடைக்கட்டும். ஜெயபிரியா வயித்துல இருக்கறது இன்னிக்கே வெளிய வந்தாகணும். நீங்க வண்டியத் திருப்பி எடுத்துகிட்டாலும் சரி, இத சுரண்டாம நான் கெளம்பப் போறதில்ல. தள்ளுங்க.

– குடு பிளேட. நானே சுரண்டறேன்.

– பாத்துங்க, வெரல அறுத்துக்காதீங்க. சுடுதண்ணி ஊத்தறேன், எளகி வரும்.

– எல்லாம் வந்துருச்சு. கண்ணு மட்டும் வர மாட்டங்குது.

– சாய்ச்சுப் புடிச்சு இழுங்க. அவ்வளவுதான். இப்ப முன்னாடி ஏறுங்க.

– நான் எதுக்கு?

– நீங்க வந்தா வீரன் மறுபேச்சு பேச மாட்டான். அப்பா செத்த எட்டாம் நாளே அந்தக் கேட்ட பேத்து எறிஞ்சு, காட்டுக்கு நடுவுல தடம் வுட்டவரு நீங்க. ஏறுங்கண்ணா, நேரமாவுது.

– ஏறிட்டேன், எடு.

– கடத்தூர் தாண்டி இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் நகத்துல ஒட்டுன பசையவே நோண்டிகிட்டு வர்றீங்க. அப்பா படத்த சுரண்டினது வருத்தமா?

– இல்லம்மா.

– மலையில அந்தத் தடத்துக்கு என்ன பேரு தெரியுமா? சந்திரமோகன் பாதை. உங்க படத்த ஒட்டியிருந்தா சண்ட போட்டு ஏறியிருப்பாங்க. நாளைக்கே ஸ்டிக்கர் கடையில சொல்லி, அந்தக் கதவுல உங்க பேர எழுதிரலாம். அங்க பாருங்க, புளியமரம். தூளி வந்துருச்சு. வீரன் துண்ட ஆட்டறான்.

– வண்டிய கொஞ்சம் நிறுத்து.

– புள்ளத்தாச்சி வலியில கெடக்குது. அங்க போயித்தான் நிறுத்துவேன்.

– அப்ப ஓட்டிகிட்டே கேளு. எம்பேர எழுதாத.

– ஏன்?

– கொழந்த நல்லபடியா பொறக்கட்டும், வீரன்கிட்ட நானே சொல்றேன். அன்னிக்கு சின்னக்காவத் தூக்கிகிட்டுக் கேட்டுக்கு வெளிய நின்னு அவங்க கத்தறாங்க. தொறந்து வுடுறா, தொறந்து வுடுறான்னு எங்கப்பா என்கிட்ட கெஞ்சினாரு. இன்னிக்கு வுட்டா நாளைக்கு இது எங்க பாதைம்பாங்கன்னு நான்தான் முறுக்கிகிட்டு நின்னேன். அப்பறம் ஊரே அவரத் திட்டுச்சு, சாகற வரைக்கும் என்னக் காட்டிக்குடுத்து ஒரு வார்த்த பேசல அவரு. சாவி என் அரைஞாண் கவுத்துல இருந்துச்சும்மா.