துளை போடாத நடுக்காய்

பாலமும் தார் ரோடும் வருவதற்கு முந்தின காலமாம். மலையில் பிறந்த ஓர் ஆறு, மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும் இடத்தில் மணற்பொழி என்று ஓர் ஊர். ஆறு கடலில் சேரும் வாயைத்தான் அந்தப் பக்கத்தில் பொழி என்பார்கள். அந்த ஊருக்கு மலையிலிருந்து ஒரு மருமகள் வந்தாளாம். பெயர் சாத்தி.

கடற்கரைக்கு மலைக்காரி எப்படி வந்தாள்? மலையடிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோன இன்னாசியைப் பார்த்தாள். பிடித்துப்போனது. கூடவே வந்துவிட்டாள். அவள் அப்பன்தான் அங்கே மூப்பன். “எல்லைக்கல்லத் தாண்டிப் போனவ போனவதான். இனி அவ காலு இந்த மண்ணுல படப்பிடாது” என்று சொல்லிவிட்டானாம். சந்தையும் அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம்தான்.

அம்மா? அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். குடிசை வாசலில் நின்று மகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அதுதான் சாத்தியை அரித்ததாம். திட்டியிருந்தால் திட்டு என்று இருக்கும். அழுதிருந்தால் அழுகை என்று இருக்கும். பேசாமல் போனவள் மனதில் என்ன இருந்தது? வெறுத்தாளா, விட்டாளா? சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு, வலைக்கு முடிச்சுப் போடும்போதும் அதே நினைப்பு.

அப்படியிருக்க, மழை வந்தது. மலையில் கொட்டிய மழையில் ஆறு சிவப்பாகப் பெருகி, பொழியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், கரை முழுக்கக் குப்பை. குப்பைக்குள் அங்கங்கே தட்டையாய், உள்ளங்கை அகலத்தில், பழுப்பு நிறக் காய்கள்.

மாமியார் காலால் ஒன்றைத் தள்ளினாளாம். “கடலுக்கு அடியில மரம் நிக்கும்லா, அது காய்ச்ச காயி. தொடாத பிள்ள.”

சாத்தி குனிந்து எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மாமி, இது கடல் காய்ச்சது இல்ல. எங்க மலையில காய்ச்சது. கொடியில ஆளு உசரத்துக்கு நெத்து தொங்கும், அதுக்குள்ள இருக்கும். சின்னப்பிள்ளையில இத உருட்டித்தான் நாங்க விளையாடுவோம்.”

“கொள்ளாம்! அப்போ உங்க அப்பன் உனக்குச் சீதனம் அனுப்பிருக்கானாக்கும்!”

கரையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். சாத்தி சிரிக்கவில்லை. மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மணலில் தேய்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டாள். பெரிய காயை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கழற்சிக்காயும் சிவந்த மஞ்சாடி மணியும் சேர்த்து, மலைப் பெண்கள் போடுகிற முடிச்சுப் போட்டு மாலையாகக் கோத்தாள். கழுத்தில் போட்டால் பொன் கெட்டது! சிரித்தவர்களே வந்து கேட்டார்களாம். எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டவள் ரொசாரியாள். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையடிச் சந்தை வரைக்கும் போகிறவள்.

ஒரு நாள் ரொசாரியாள் சந்தையிலிருந்து மூச்சு வாங்க வந்தாளாம்.

“ஏட்டி சாத்தி, தேன் விக்க வந்த ஒருத்தி எங்கழுத்து மாலையையே பாத்துட்டு நின்னா. கிட்ட வந்து முடிச்சத் தொட்டுப் பாத்தா. யாரு கோத்ததுன்னு கேட்டா. எங்க ஊரு மலைக்காரி மருமவளுன்னு சொன்னேன்.”

“எப்படி இருந்தா மைனி? புருவத்துல தழும்பு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல்ல. தேன்குடத்த எடுத்துட்டுப் போயிட்டா.”

அம்மா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை! அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் சாத்தி பொழியில் போய் நிற்பாளாம். காய் வரும், கழி வரும், இலை வரும். அம்மாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வராது. “அவ என்ன வெறுத்துட்டா மைனி” என்பாளாம். ரொசாரியாள் பாவம், கூடையைக் கழுவிக்கொண்டே கேட்பாளாம்.

இப்படியே பல மழை போனது. ஒரு சந்தையன்று ரொசாரியாளை ஒரு மலைக்காரி பிடித்துக்கொண்டாளாம். சாத்திக்கு அவள் சித்தி முறை.

“உங்க ஊரு மருமவளுக்கு நெஞ்சுக்குள்ள என்ன, பாறையா? அவ அம்ம மழைக்கு மழை மாலை கோத்து, ஆத்துல விட்டுட்டு நிக்கா. எம்பிள்ள எடுத்துக் கழுத்துல போட்டுப்பான்னு காத்துக் கெடக்கா. போட்டேன்னு ஒரு வாக்குச் சொல்லி அனுப்பப்பிடாதா?”

ரொசாரியாள் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்து சொன்னாளாம். சாத்தி தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். மாலை நேராக அடிக்குப் போனது.

அந்தக் காய் ஏன் மிதக்கிறது? அதன் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது, அதனால் மிதக்கிறது. துளை போட்டால் தண்ணீர் புகுந்துவிடும். கரையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். மலையில் கொடியிலேயே காயைப் பார்த்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மகள் செய்ததைப் பார்த்து அவளும் துளை போட்டிருக்கிறாள். போட்ட மாலையெல்லாம் ஆற்றின் அடியில் கிடக்கிறது.

“அய்யோ, எங்கம்ம! எங்கம்ம! அத்தனையும் முங்கிப் போச்சே!” என்று தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அழுகைக்கு நடுவில் சிரித்தாளாம். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லையாம்.

அடுத்த சந்தைக்கு ரொசாரியாள் வாயில் சேதி போனது. “துளை போடாண்டாம். சும்மா கட்டி விடு.”

அந்த மழையில் வந்ததாம் ஒரு காய். கொடிநாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தாள் சாத்தி. தொட்டில் தொங்கவிட மலையில் போடுகிற முடிச்சு. அதை அவிழ்க்காமல் அப்படியே தன் மாலைக்கு நடுவில் கட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு மழைக்கு ஒரு காய். மூப்பன் சொன்ன வாக்கு மாறவில்லை. அம்மாவும் மகளும் கடைசி வரை பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் காய் வந்தது.

ஒரு மழைக்கு வரவில்லை. வெள்ளம் வடிந்தது, தண்ணீர் தெளிந்தது, பொழியைத் திரும்பவும் மணல் மூடத் தொடங்கியது. சாத்தி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லையாம். கடல் ஏறி ஆற்றுக்குள் நுழையும் நேரம் பார்த்துப் பொழிக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மாலையின் நடுக்காயை அவிழ்த்து விட்டாள். ஏறுகிற தண்ணீர் அதை ஆற்றோடு மேலே கொண்டு போனதாம்.

ரொசாரியாள் கரையில் நின்று சொன்னாளாம். “ஏட்டி, கடல் வத்துனா அது திரும்பி வந்துருமே.”

“தெரியும் மைனி. போற வரைக்கும் போவட்டு.”

மணற்பொழிக்கு வெளியூரிலிருந்து வருகிற மருமகளுக்கு இன்றைக்கும் கல்யாணத்தில் காய்மாலை போடுகிறார்கள். எல்லாக் காயிலும் துளை இருக்கும், நடுக்காயில் இருக்காது. அதைப் பெண்ணின் அம்மாதான் கட்டிக் கொடுப்பாள். நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது, கடல் ஏறுகிற நேரத்தில் நடுக்காய் இல்லாத மாலையோடு ஒருத்தி தண்ணீரில் நின்று ஆறு வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தால், பேச்சுக் கொடுக்காமல் நடந்துவிடுங்கள். அவளுக்கு அம்மா இல்லாமல் போய்விட்டாள்.