அந்த ஏகாரம்

எனக்குத் தொண்டை அடிக்கடி வறண்டுவிடும். நாளெல்லாம் பிறருக்காகப் பேசுகிறவனுக்கு அது சகஜம். அதனால் நீதிமன்றத்தில் எனக்கென்று ஒரு குவளை தண்ணீர் வைத்திருப்பார்கள். நான் மொழிபெயர்ப்பாளன். நம் மொழியில் சொல்வதை அவர்கள் மொழியிலும், அவர்கள் சொல்வதை நம் மொழியிலும் சொல்வேன். என் பங்காக எதையும் சேர்ப்பதில்லை. அந்த வழக்கிலும் சேர்க்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணி. வெள்ளைக்காரக் கிழவி ஒருவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர். கிழவி குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துபோனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இவர் நிறமும் நம் நிறம். அக்கம்பக்கத்தாருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

விசாரணை நாளில் வாசல் காவலர் என்னைக் கைதிகள் வரிசையில் போய் நிற்கச் சொன்னார். அடையாள அட்டையைக் காட்டினேன்.

"கோவிச்சுக்காதப்பா, உங்க ஆளுங்க எல்லாம் ஒரே அச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கே வேலை பார்க்க அது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் கூண்டிலிருந்து அவர் கூப்பிட்டார். "தம்பி, நீ நம்ம ஆளா? அப்பாடா, வயித்துல பாலை வார்த்த."

எழுத்தர் தலையைத் தூக்கினார். "என்ன, உன் அக்காவா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இல்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

குளியலறையில் என்ன நடந்தது என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். அந்தம்மா சொன்னார்: "துண்டு எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள பெரியம்மா தண்ணிக்குள்ள கெடந்தாங்க. ஐயோ, பாவி, நானே கொன்னுட்டேனே."

'பெரியம்மா' என்பதை 'முதலாளி' என்றேன். உறவில்லையே. கடைசி வாக்கியத்தை 'நான்தான் அவரைக் கொன்றேன்' என்றேன். கடைசியில் இழுத்த அந்த ஏகாரத்துக்கு அவர்கள் மொழியில் சொல் கிடையாது. வேண்டுமானால் தேடிப் பாருங்கள்.

தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா மாரடைப்பில் போனபோது, "நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம நானே கொன்னுட்டேனே" என்றுதான் அம்மா அழுதாள். வந்திருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை.

இடைவேளையில் கூண்டிலிருந்தவரின் வழக்கறிஞர் என்னைத் தேடி வந்தார். இளம்பெண், அவர்கள் இனம். முகம் வெளிறியிருந்தது. "துக்கத்துல அப்படிச் சொல்ற வழக்கம் உங்க மொழியில இருக்கா? இருந்தா அதை வச்சே அந்தம்மாவைக் காப்பாத்திடுவேன். உங்களை விட்டா எனக்குக் கேக்க ஆளில்ல."

வாசல் காவலர் பக்கத்தில்தான் நின்றார், காதைத் தீட்டிக்கொண்டு. இருக்கிறது என்று சொன்னால் நான் அந்தம்மாவின் ஆளாகிவிடுவேன்.

"அப்படியெல்லாம் இல்லைங்க. எங்க ஆளுங்க செஞ்சிருந்தாத்தான் சொல்லுவாங்க" என்றேன்.

காவலர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். "நீ வேற ரகம்ப்பா." அந்தக் கையின் சூடு வெகுநேரம் இருந்தது.

ஆயுள் தண்டனை. அதையும் பிழையில்லாமல் அந்தம்மாவுக்குச் சொன்னேன்.

"எதுக்கு, தம்பி?"

"நீங்கதானே கொன்னேன்னு சொன்னீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். கோபப்படவில்லை. "அது நான் அழுதது, தம்பி. உனக்குமா தெரியல?"

"என்ன சொல்றாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலைங்க. அழறாங்க" என்றேன்.

அதிலும் நான் எதையும் சேர்க்கவில்லை. அவர் அழுதுகொண்டுதான் இருந்தார்.